1915-ஐ நம்பிக் கூப்பிடலாமா? ஓவர்லாக் மெஷின் பணம் திரும்பி வந்த கதை

ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பணம் வராமல் அல்லாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 நல்ல சேவை, தயங்காமல் கூப்பிடுங்கள். காசு கிடையாது, தமிழில் பேசலாம், எதிர்முனையில் இருப்பவர் எரிந்து விழுவதில்லை. ஆனால் போனை வைத்த கையோடு பணம் கணக்கில் விழும் என்று நினைக்காதீர்கள். பஞ்சாயத்துப் பேச நம்மோடு கூட வரும் ஊர்ப் பெரியவர் மாதிரிதான் அந்த எண். அவர் வந்தால் எதிராளி வாசலுக்கு வந்து பதில் சொல்வான். அவனுக்கு அபராதம் போடும் அதிகாரம் பெரியவருக்குக் கிடையாது. என்ன கேட்க வேண்டும் என்பதையும் நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எனக்கு வர வேண்டியிருந்தது 11,490 ரூபாய். வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் 1915 எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் கையை விரிக்கும் என்பது புரியும். கடையின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கடையைச் சுற்றியே போய்விடும்.

நான் பெரம்பூரில் வீட்டு முன்னறையில் தையல் வேலை செய்கிறேன். ப்ளவுஸ், சுடிதார், அப்புறம் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துப் பீக்கோ போடுவது. சுடிதாரின் உள் ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் அடிக்க வேண்டும். அதை இத்தனை காலமும் அடுத்த தெருக் கடையில் கொடுத்துத்தான் அடித்து வாங்கிக்கொண்டிருந்தேன். பீஸுக்கு இவ்வளவு என்று அங்கே போகும் காசைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மெஷினே வாங்கிவிடலாம் என்று தோன்றியது. லைனிங் துணி எடுக்கக் கோடவுன் தெருவுக்குப் போனபோது பாரிமுனையில் ஒரு மெஷின் கடையில் விலை கேட்டேன். ஆன்லைனில் அதே மாதிரி மெஷின் 1,500 ரூபாய் போலக் குறைவு. வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கியும் விடுவார்கள். இரும்பு மெஷினைத் தூக்கிக்கொண்டு மூர் மார்க்கெட்டில் கூட்ட நேரத்து ரயிலில் யார் ஏறுவது?

வந்த மெஷினில் முதல் துணியிலேயே ஊசி உடைந்தது. மூன்று நூல் ஓவர்லாக்கில் ஓர் ஊசி, இரண்டு லூப்பர் இருக்கும். லூப்பர்கள் ஊசியை இடிக்காமல், மயிரிழை தள்ளிப் போய் நூலைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். முன் மூடியைத் திறந்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். கீழ் லூப்பரின் முனை வளைந்து நேராக ஊசியில் போய் இடித்தது. வழியில் பெட்டியைக் கீழே போட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால், லூப்பருக்கு அடியில் ரோஸ் நிறத் துணிப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போட்டுப் பார்த்தது வெள்ளைத் துணி. புது மெஷினுக்குள் ரோஸ் பஞ்சு எப்படி வரும்? வேறு யாரோ ஓட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பியதை எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

சரி, திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டேன். படமும் வீடியோவும் ஏற்றியதும் ஒப்புக்கொண்டார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. எடுக்க வந்த பையனும் நல்ல பையன். “பொட்டில எல்லாம் இருக்காக்கா?” என்று கேட்டுக்கொண்டே தன் போனில் ஒவ்வொன்றாக டிக் போட்டான். பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் நான் ஒரு வீடியோ எடுத்து வைத்தேன். மெஷினில் ஒட்டியிருந்த சீரியல் எண், எண்ணெய் பாட்டில், ஊசிப் பொட்டலம், இடுக்கி, ஸ்க்ரூ டிரைவர், பெடல், எல்லாம் ஒரே ஓட்டத்தில். தையல்காரர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. துணி கொடுக்க வருகிறவர் முன்னாலேயே விரித்துப் பார்த்து, கறையோ ஓட்டையோ இருந்தால் அப்போதே காட்டிவிடுவோம். இல்லையென்றால் பின்னால் நம் தலையில்தான் விடியும்.

மெஷின் போனது. கொஞ்ச நாளில், “உங்கள் 11,490 ரூபாய் நீங்கள் பணம் செலுத்திய கணக்குக்கே அனுப்பப்பட்டுவிட்டது” என்று செய்தி வந்தது. செயலியில் பச்சை டிக். கணக்கில் ஒன்றும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்தது இந்த அனுபவம் உள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாட்டில் முதலில் தானாகப் பதில் போடும் பாட், அப்புறம் ஒரு மனிதர், ஒவ்வொரு தடவையும் வேறு பெயர். “சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரம் காத்திருங்கள்.” அந்த 48 முடிந்தால் புதிதாக ஒரு 48. ஒரு நல்ல காரியம் செய்தேன், ஒவ்வொரு சாட்டையும் முடிந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தேன். பல செயலிகளில் சாட்டை மூடினால் பழைய பேச்சு காணாமல் போய்விடும்.

சாட்டில் தந்த ரீஃபண்ட் ஐடியை எழுதிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா சீட்டைப் பார்த்ததும் சொன்னார்: “இது அவங்க கடை நம்பரும்மா. எங்க சிஸ்டத்துல இதை வெச்சுத் தேட முடியாது. யுபிஐ-ன்னா பன்னெண்டு இலக்கத்துல ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கும், எல்லாமே எண்ணுதான், எழுத்தே வராது. அதைக் கேட்டு வாங்கிட்டு வாங்க.”

அந்த அம்மாவுக்கு நான் ஒரு ப்ளவுஸ் சும்மாவே தைத்துக் கொடுக்கலாம். மொத்தக் கதையிலும் உருப்படியான பேச்சு அதுதான். யுபிஐ-யில் பணம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்த 12 இலக்க எண் பிறந்துவிடும். கார்டில் கட்டியிருந்தால், ரீஃபண்டுக்கு ஏஆர்என் என்று 23 இலக்க எண் ஒன்று உண்டு. அதை வைத்து, கார்டு கொடுத்த வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று தேடும். கடை உண்மையிலேயே பணத்தை அனுப்பியிருந்தால் இந்த எண் அவர்கள் பக்கம் இல்லாமல் இருக்காது. திரும்பத் திரும்பக் கேட்டும் தராமல் பேச்சை மாற்றினால், பணம் இன்னும் அவர்கள் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நான் கேட்டேன். சாட்டில் இருந்தவர் “உங்கள் ரீஃபண்ட் வெற்றிகரமாக முடிந்தது” என்று அதே பச்சை டிக்கைப் படமெடுத்து எனக்கே திருப்பி அனுப்பினார்.

அதே அம்மாவிடம் இன்னொரு சந்தேகமும் கேட்டேன். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் அபராதம் கேட்கலாம் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். அது என் விஷயத்துக்குப் பொருந்தாது என்றார். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவு அது. நம் கணக்கில் பணம் கழிந்து, ஆனால் கடைக்குப் பணம் வந்ததாக உறுதியாகாமல் நடுவில் தொங்கிப்போனால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும், தவறினால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய். பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகு கடைக்காரன் தராமல் இழுப்பது வேறு கணக்கு. குழுவில் இதைப் போய்ச் சொன்னேன், யாரும் பதில் போடவில்லை.

என் கொழுந்தனார் இன்னொரு பக்கம் உதவி செய்கிறேன் என்று இணையத்தில் அந்தக் கடையின் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடிக் கொடுத்தார். போன் போட்டால் முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. பணம் தர வேண்டியவன் இவ்வளவு சீக்கிரம் போனை எடுப்பானா? “ஒரு ஆப் போடுங்க மேடம், உங்க ஸ்க்ரீனைப் பார்த்து நாங்களே ரீஃபண்ட் போட்டுத் தரோம்” என்றான். வைத்துவிட்டேன். கடையின் எண்ணை அந்தக் கடையின் சொந்தச் செயலியிலோ தளத்திலோ மட்டும் எடுங்கள். ரீஃபண்ட் வாங்க யுபிஐ பின் எண்ணைப் போடச் சொன்னால் அது பணம் தருவதற்கு இல்லை, எடுப்பதற்கு. இப்படி யாராவது ஏமாந்துவிட்டால் 1915 அதற்கான இடமும் இல்லை. 1930 என்ற சைபர் குற்ற எண்ணைத் தாமதிக்காமல் கூப்பிட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். எதிர் வீட்டு அக்கா இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைப் பார்த்துச் சில்க் காட்டன் புடவைக்குப் பணம் கட்டி, அந்தப் பக்கமே மறுநாள் மாயமானபோது நாங்கள் கூப்பிட்டது 1930-ஐத்தான். பெயர், முகவரி, பில் எல்லாம் உள்ள கடை பணத்தை இழுத்தடித்தால் 1915. கடையே இல்லை என்றால் 1930.

1915-க்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அதை விடாதீர்கள். 2020-ஆம் ஆண்டு வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் கடையில் அந்தப் பெயர் தளத்தின் அடியோ அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. என் மகன்தான் கண்டுபிடித்தான். அவனை உட்கார வைத்து ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் கடிதம் எழுதினோம். ஆர்டர் எண், தேதி, தொகை, திருப்பி எடுத்துப்போன தேதி, பணம் அனுப்பியதாக வந்த செய்தி, வங்கி ஸ்டேட்மென்ட், 12 இலக்க எண் தரவும். அவ்வளவுதான். அவன் இங்கிலீஷில் “மன உளைச்சல்” என்றெல்லாம் சேர்க்கப் பார்த்தான், எடுத்துவிடச் சொன்னேன். உளைச்சலை விற்க நாம் கடை போடவில்லை.

டிக்கெட் எண்ணோடு ஒப்புகை வந்தது. விதி தந்த ஒரு மாதம் அப்படியே ஓடியது. நடுவில் தீபாவளி சீசன். ஓவர்லாக் அடிக்க மறுபடி அதே அடுத்த தெருக் கடைக்குத்தான் துணிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சீசனில் அங்கே வரிசை, விலையும் கூட.

அதன் பிறகுதான் 1915.

காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, தேசிய விடுமுறை நாட்கள் தவிர எல்லா நாளும் உண்டு. அழைத்ததும் மொழியைக் கேட்கும். மொத்தம் 17 மொழி, தமிழும் அதில் ஒன்று. போனில் பேச வேண்டாம் என்றால் அவர்களுடைய இணையதளம், செயலி, உமங் செயலி, 8800001915 என்ற வாட்ஸ்அப் எண் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. நான் பேசுகிற ஆள், பேசினேன். எடுத்தவர் தென் மாவட்டத்துப் பிள்ளை போல, பேச்சில் அந்த இழுவை இருந்தது. கடைப் பெயர், ஆர்டர் எண், தேதி, தொகை, கடையிடம் முன்பே புகார் செய்தீர்களா, டிக்கெட் எண் என்ன என்று வரிசையாகக் கேட்டார். நான் லூப்பர் வளைந்த கதையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்கம்மா, உங்களுக்கு என்ன தீர்வு வேணும்? பணமா, வேற மெஷினா?” என்றார்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் புகாரை அவர்கள் சுருக்கி எழுதித்தான் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். நம் கோபம், ரோஸ் பஞ்சு, தீபாவளி ஆர்டர் எதுவும் அந்தச் சுருக்கத்தில் நிற்காது. நிற்க வேண்டியதை நாம் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். நான் இரண்டு வரி எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒன்று, 11,490 ரூபாயை நான் பணம் கட்டிய அதே வங்கிக் கணக்கில் போட வேண்டும், கடை வாலட்டில் போடக் கூடாது. இரண்டு, ஏற்கெனவே அனுப்பிவிட்டோம் என்று சொன்னால், அனுப்பிய தேதியும் 12 இலக்க எண்ணும் தர வேண்டும். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். கொஞ்ச நேரத்தில் டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண், எஸ்எம்எஸ்ஸில் வந்தது. அதன் பிறகு ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் ஸ்டேட்மென்டையும் மகன் இணையதளத்தில் ஏற்றினான்.

இரண்டாவது வரி வேலை செய்தது. ஒரே வரியில் கடை பதில் சொல்லித் தப்பிக்க முடியாமல் போனது அதனால்தான்.

முதலில் கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அத்தனை காலமும் சாட்டில் இங்கிலீஷ் தவிர எதுவும் தெரியாத கடையிலிருந்து நல்ல தமிழில். “மேடம், நீங்க கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல போட்ட கம்ப்ளெயின்ட்டை க்ளோஸ் பண்ணுங்க, உடனே ப்ராசஸ் பண்ணிடறோம்.” பணம் வந்ததும் நானே அப்படி எழுதித் தருகிறேன் என்றேன். “இல்ல மேடம், அது ஓப்பனா இருந்தா சிஸ்டம் எடுக்காது.” எடுக்காவிட்டால் பரவாயில்லை, அதையும் எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். இணைப்புத் துண்டிக்கப்பட்டது. உங்களுக்கும் இப்படிப் போன் வரும் என்று நினைக்கிறேன். பணம் கணக்கில் ஏறும் வரை சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் எழுத்தில் பதில் வந்தது. திருப்பி வந்த பொருள் தரப் பரிசோதனையில் தேறவில்லை, பாகங்கள் குறைகின்றன, ஆகவே பணம் தர இயலாது என்று. படித்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பணம் அனுப்பியாயிற்று என்று பச்சை டிக்கோடு சொன்னதும் இவர்கள்தான், பணம் தர முடியாது என்று சொல்வதும் இவர்கள்தான். இரண்டில் ஒன்று பொய் என்பது போய், இரண்டுமே பொய் என்று ஆகிவிட்டது. பாகம் எல்லாம் இருந்ததற்கு என் வீடியோ இருக்கிறது, எடுத்துப்போன பையன் போட்ட டிக் அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பாகம் குறைகிறது என்று பெயர் சொல்லுங்கள் என்று எழுதினேன். பெயர் வரவில்லை. ஓவர்லாக்கின் பாகம் ஒன்றின் பெயராவது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

1915-இன் உண்மையான உபயோகம் இதுதான் என்பது என் கணிப்பு. சாட்டில் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாற்றிப் பேசலாம். அரசாங்கத்தின் பதிவில் எழுதும்போது ஒரே கம்பெனியாக நின்று ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொள்ளலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்த உதவி மையத்தோடு கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. புகார் நேராக அவர்களுடைய ஆட்களின் கணினிக்கே போய்விடும். நீங்கள் வாங்கிய கடை அந்தப் பட்டியலில் இருந்தால் அதிர்ஷ்டம்.

பாகம் குறைகிறது என்பது எடுபடவில்லை என்றதும் கடை மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தது. இது தொழிலுக்கு வாங்கிய மெஷின், நீங்கள் நுகர்வோரே இல்லை என்றார்கள். எனக்குக் கொஞ்சம் பக்கென்றது. தொழிலுக்கு வாங்கியது உண்மைதானே? மாடி வீட்டில் இருக்கும் சார் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. “இதுக்கெல்லாம் சட்டத்துலயே பதில் இருக்கும்மா” என்றார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கினால் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சொல்லிவிட்டு, அடுத்தாற்போலவே ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறது: ஒருவர் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது. வீட்டில் தனியாக உட்கார்ந்து தைக்கும் நான் அதற்குள் அப்படியே வருகிறேன். ஆட்டோ ஓட்டுகிறவர், வீட்டில் மாவு அரைத்து விற்கிறவர், செல்போன் ரிப்பேர் செய்கிறவர் எல்லோரும் இந்த வரியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆள் வைத்து யூனிட் நடத்துகிறவர்களுக்கு இது பொருந்துமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும், அவர்கள் வக்கீலிடம் கேட்பது நல்லது என்றும் சார் சொன்னார்.

அவரே இன்னொரு யோசனையும் சொன்னார். 1915-க்கு அதிகாரம் இல்லை, நுகர்வோர் கோர்ட் என்று நாம் சொல்லும் நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்கிறது. போகப் போகிறோம் என்று தெரிந்தால்தான் இவன் அசைவான் என்றார். சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று மாவட்ட ஆணையங்கள் உண்டு. மாநில ஆணையம் பார்க் டவுனில் இருக்கிறது. கடை டெல்லியிலோ பெங்களூரிலோ இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நாம் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. 2025 ஜனவரி 1 முதல் ஈ-ஜாக்ரிதி என்ற தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். குறையுள்ள பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளோ பணம் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. புகாரைத் தாளில் எழுதித் தயார் செய்து, அதன் நகலைக் கடையின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயிலில் போட்டோம். இத்தனை நாளுக்குள் பணம் வராவிட்டால் இதையே தாக்கல் செய்வோம் என்று மேலே ஒரு வரி. 1915 டாக்கெட் எண்ணையும் அவர்களுடைய மூன்று பதில்களையும் கீழே இணைத்தோம்.

பணம் வந்தது. ஒரு மதியம், காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் டிங் என்றது. 11,490 ரூபாய், கூடவே அந்த 12 இலக்க எண். கடையின் மெயில் மறுநாள் சாவகாசமாக வந்தது: “உங்கள் திருப்தியே எங்கள் நோக்கம்.”

யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டால், வங்கி அம்மா பாதி, குமாஸ்தா சார் மீதி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த இரண்டு பேர் சொன்னதையும் கடை காது கொடுத்துக் கேட்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தது 1915. மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு போடுவேன். குறைக்கும் ஒன்று அங்கே வேலை செய்கிறவர்களுக்காக இல்லை. கம்பெனி முடியாது என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் கையைப் பிடித்து வாங்கித் தரும் அதிகாரத்தைச் சட்டம் அந்த எண்ணுக்குத் தரவில்லை. நஷ்ட ஈடும் அங்கே உத்தரவாகக் கிடைக்காது. அதைத் தெரிந்துகொண்டு கூப்பிடுகிறவர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது.

மற்ற வழிகளையும் பார்த்தேன். புகாரை எடுத்து நடத்தித் தருகிறோம் என்று சில தனியார் தளங்கள் இருக்கின்றன. ஒன்றில் விவரம் கொடுத்ததுமே முன்பணம் கேட்டார்கள், அவர்கள் செய்வதாகச் சொன்னதெல்லாம் நானே இலவசமாகச் செய்யக்கூடிய வேலை. என் மகன் எக்ஸ் தளத்தில் கடையைத் திட்டி ஒரு பதிவு போட்டான். கடை பதில் சொல்வதற்கு முன்னால் அதே கடையின் லோகோவோடு ஒரு போலிக் கணக்கு வந்து, போன் நம்பர் கொடுங்கள் என்றது. அதை அழித்துவிட்டோம். கார்டில் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் இன்னொரு நல்ல வழி உண்டு: பொருள் திருப்பியாயிற்று, பணம் வரவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடமே சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைக் கடையிடமிருந்து திருப்பி எடுத்துத் தரும்படி, கேட்கலாம். அதற்குக் கால வரம்பு இருக்கிறது, கடையின் 48 மணி நேரங்களை நம்பி அதைத் தவறவிடக் கூடாது. வங்கியே நம் புகாரை 30 நாள் கண்டுகொள்ளாவிட்டால் வங்கிகள் மேல் உள்ள புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். கடை மேல் உள்ள குறையை அங்கே கொண்டுபோக முடியாது.

தீபாவளியில் ஓவர்லாக்குக்கு வெளியே கொடுத்த காசும், நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பிய துணிகளும் போனது போனதுதான். அதற்கு நஷ்ட ஈடு கேட்டு ஆணையத்துக்குப் போகலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. மாடி வீட்டு சார் போடு என்கிறார். மகன், வந்த பணம் போதும், விடு என்கிறான். சித்திரை, வைகாசி கல்யாண ப்ளவுஸ்கள் குவிந்து கிடக்கின்றன. அதெல்லாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.